எத்தனை நாளைக்கு எத்தனை முறை?

சம்பளக் கடிதம், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், மருந்துச் சீட்டு என்று ஆங்கிலத்தில் எது கைக்கு வந்தாலும் நாம் முதலில் பார்ப்பது தொகையை. அடுத்து, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று. எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, எந்தத் தேதிக்குள் என்று சொல்லும் சொல்லின் மேல் கண் நிற்பதேயில்லை. பிறகு தகராறு என்று வந்தால் அந்த ஒரு சொல்லைத்தான் வக்கீல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த அத்தியாயத்தில் வரும் சொற்களில் சில, அகராதியைப் புரட்டினாலும் தெளியாதவை. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அவற்றில் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அதை ஆண்டுக்கு இத்தனை முறை என்ற எண்ணாகவோ, காலண்டரில் வட்டம் போடக்கூடிய தேதியாகவோ மாற்றுங்கள். மாற்ற முடியவில்லையா? அந்தத் தாள் இன்னும் கையெழுத்துக்குத் தயாராகவில்லை.

‘பை’ செய்யும் குழப்பம்

பைவீக்லி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பைவீக்லி என்றால் வாரத்துக்கு இரண்டு முறை. இரண்டுமே சரி, மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இரண்டையும் தருகிறது. பைமந்த்லிக்கும் இதே கதிதான்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது மாதத்துக்கு இரண்டு முறை. முதல் பொருளில் ஆண்டுக்கு 6, இரண்டாவதில் 24. ஒரே சொல்லுக்குள் நான்கு மடங்கு வித்தியாசம்.

நம் இதழ்களையே பாருங்கள். ஜூனியர் விகடனும் நக்கீரனும் வாரமிருமுறை இதழ்களாகப் பெயர் பெற்றவை. அவற்றை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துபவர்கள் பைவீக்லி என்று எழுதுகிறார்கள். அமெரிக்க நிறுவனத்தின் சம்பளப் பிரிவும் பைவீக்லி என்றே எழுதுகிறது. அங்கே அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இருவரில் யாரும் தப்பாக எழுதவில்லை. வாரமிருமுறை, மாதமிருமுறை என்று தமிழில் அட்டையில் போட்டுவிட்டால் வாசகர் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று ஓரளவு ஊகிக்கலாம். சம்பளம், வீட்டுக்கடன் தவணை பற்றிய தாள் அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்திருந்தால், பைவீக்லி என்பது 14 நாளுக்கு ஒருமுறை, ஆண்டுக்கு 26. இந்திய அரசு, வங்கி வட்டாரத்தில் பைமந்த்லி என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ரிசர்வ் வங்கி 2014 ஏப்ரல் முதல் தன் பணக் கொள்கையை இந்தப் பெயரில்தான் அறிவிக்கிறது. நிதியாண்டுக்கு ஆறு அறிவிப்புகள். தமிழ்நாட்டு மின்கட்டண ஆணைகளில் வரும் பைமந்த்லியும் அதுவே. இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கெடுப்பு. வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான். மாதம் 100 என்று மனக்கணக்குப் போட்டவருக்கு பில் வரும்போதுதான் விவரம் புரியும்.

ஊகம் போதாத இடம் சம்பளம். ‘செமி’ என்று தொடங்கும் சொல்லில் குழப்பம் இல்லை, அது பாதி. செமி-மந்த்லி சம்பளம் மாதத்துக்கு இரண்டு, பெரும்பாலும் 15ஆம் தேதியும் மாதக் கடைசியும், ஆண்டுக்கு 24. ஆண்டுச் சம்பளம் 52,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பைவீக்லி முறையில் ஒவ்வொரு தடவையும் 2,000 டாலர். செமி-மந்த்லி முறையில் 2,166.67 டாலர். ஆண்டு முடிவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பைவீக்லி சம்பளக்காரருக்குப் பெரும்பாலான மாதங்களில் இரண்டு சம்பளம் வரும், ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் மூன்று வரும். இதைக் கவனிக்காமல் 2,000 டாலரை இரண்டால் பெருக்கி மாத வருமானம் என்று கடன் விண்ணப்பத்தில் எழுதினால், ஆண்டுக்கு 4,000 டாலரை நீங்களே குறைத்துக் காட்டியதாகிவிடும்.

கனடாவில் வீடு வாங்குபவர்களிடம் ‘ஆக்ஸிலரேட்டட் பைவீக்லி’ என்று ஒரு தவணைமுறையை வங்கி நீட்டும். மாதத் தவணை 3,000 டாலர் என்றால் அதைப் பாதியாக்கி, 1,500 டாலரை 14 நாளுக்கு ஒருமுறை கட்டச் சொல்வார்கள். மாதக் கணக்கில் ஆண்டுக்கு 36,000 டாலர். இந்த முறையில் 26 தவணை, ஆகவே 39,000. கடன் சீக்கிரம் அடைவதில் மாயம் ஒன்றுமில்லை, ஆண்டுக்கு ஒரு மாதத் தவணையை அதிகமாகக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். நல்ல முறைதான், தெரிந்துகொண்டு கட்டினால் இன்னும் நல்லது.

மனிதவளப் பிரிவுக்கு எழுதும்போது பைவீக்லி என்றால் என்ன பொருள் என்று கேட்காதீர்கள். அகராதிப் பொருளைப் பதிலாக அனுப்பிவிடுவார்கள். ஆண்டுக்கு எத்தனை சம்பளம், முதல் இரண்டு சம்பளத் தேதிகள் எவை என்று கேளுங்கள். இரண்டு தேதிகள் கைக்கு வந்துவிட்டால் இடைவெளி தானாகத் தெரிந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் இன்னொரு இரட்டைப் பிறவி உண்டு. பையன்னுவல் என்பது பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை; பையென்னியல் என்பது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டாவதை நினைவில் வைக்க மாநிலங்களவைத் தேர்தலே போதும். உறுப்பினர் பதவி ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். அதற்கு நடக்கும் தேர்தலைத் தேர்தல் ஆணையம் பையென்னியல் என்கிறது. 1895இல் வெனிஸில் தொடங்கி, 2012இல் கொச்சிக்கும் வந்த பியன்னாலே கலைக்காட்சியின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பையன்னுவல் என்ற சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம். நம் பள்ளிக்கூடங்கள் கொடுத்த ‘ஹாஃப்-இயர்லி’ இருக்கிறதே, அரையாண்டுத் தேர்வு எழுதிய எவருக்கும் அது விளங்கும்.

ஃபோர்ட்நைட்

பதினான்கு இரவு என்பதிலிருந்து சுருங்கி வந்த சொல் இது. பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியாவில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அங்கே அனுப்பும் மின்னஞ்சலில் எழுதினால் இளையவர்கள் இதே உச்சரிப்புள்ள வீடியோ விளையாட்டை நினைத்துக்கொள்ளக்கூடும்.

தமிழில் நாம் இதைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்கிறோம். பேச்சுக்கு அது போதும், கணக்குக்குப் போதாது. ஆஸ்திரேலியாவில் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கல்வி நடக்கும் காலத்தில் ஒரு ஃபோர்ட்நைட்டுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது 2023 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதி. இங்கே ஃபோர்ட்நைட் என்பது ஒரு திங்கட்கிழமை தொடங்கும் 14 நாள். எந்தத் திங்கட்கிழமையும் ஆகலாம் என்பதில்தான் சூட்சுமம். முதல் வாரம் 18 மணி நேரம், இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 22 என்று வேலை செய்தால், முதல் இரண்டு வாரக் கூட்டுத்தொகை 46, பிரச்சினை இல்லை. இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் கூட்டுங்கள்: 50. விதி மீறியாகிவிட்டது. வாரங்களை இரண்டிரண்டாகக் கட்டி வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. ஒவ்வொரு வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தோடும் அடுத்த வாரத்தோடும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்திய வங்கித் துறையில் ஒரு வேடிக்கை. ரிசர்வ் வங்கிக்குக் கணக்குக் காட்டும் ஃபோர்ட்நைட், சனிக்கிழமை தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமை முடியும் 14 நாளாக இருந்துவந்தது. 2025ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் அதை மாதத்தின் 1 முதல் 15 வரை, 16 முதல் கடைசி நாள் வரை என்று மாற்றி எழுதியது. அந்தக் கணக்கில் ஒரு ஃபோர்ட்நைட் பிப்ரவரியில் 13 நாளாகவும் ஜனவரியில் 16 நாளாகவும் இருக்கலாம். சொல் எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாளின் விளக்கப் பகுதியைப் பாருங்கள் என்று ஒப்பந்தம் படிப்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முன்னே தள்ளுவதா, முன்னதாக வைப்பதா?

புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ்டு ஃபார்வர்ட்’ என்று ஒரு செய்தி வருகிறது. கூட்டம் எந்தக் கிழமை? ஆங்கிலேயர்களிடமும் அமெரிக்கர்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டு மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். ஒரு பகுதியினர் திங்கள் என்பார்கள், இன்னொரு பகுதியினர் வெள்ளி என்பார்கள். ‘ப்ராட் ஃபார்வர்ட்’ என்றால் முன்னதாக. ‘புஷ்டு பேக்’ என்றால் தள்ளிப்போய்விட்டது. இந்த இரண்டில் சந்தேகம் குறைவு. முன்னதாக வைப்பதற்கு இந்தியர்கள் சொல்லும் ‘ப்ரிபோன்’ என்ற சொல்லைக் கேட்டு வெளிநாட்டவர் சிரித்ததுண்டு. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் இருப்பதிலேயே தெளிவான சொல் அதுதான். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் இடம் பிடித்துவிட்டது. தயங்காமல் எழுதுங்கள், கூடவே தேதியையும் எழுதுங்கள்.

‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்பதற்கு முடிவு கிடையாது. தமிழில் அடுத்த வெள்ளி என்றாலும் இதே பாடுதான். பிரிட்டிஷ்காரர் ‘ஃப்ரைடே வீக்’ என்றால் வரும் வெள்ளியிலிருந்து ஒரு வாரம் கழித்து. அவரே ‘ஹாஃப் செவன்’ என்றால் மணி ஏழரை. ஜெர்மன் மொழியில் ‘ஹால்ப் ஸீபென்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இதே தொடர்தான் வரும், ஆனால் அது ஆறரை. ஜெர்மானியச் சகபணியாளர் ஆங்கிலத்தில் பேசும்போது இதைச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிடுங்கள்.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடு. ‘டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை நடந்துகொண்டிருக்கும். இரண்டையும் மாற்றி எழுதுவது நம்மவர்களிடம் அதிகம். விடுப்பு மின்னஞ்சலில் ‘டில் ஃப்ரைடே’ என்று எழுதினால் வெள்ளியன்று வருவீர்களா என்பது மேலாளருக்குத் தெரியாது. எந்தத் தேதியில் மீண்டும் வேலைக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டால் அந்தச் சொல்லே தேவைப்படாது.

பன்னிரண்டு மணிக்கும் இதே வைத்தியம். 12 ஏ.எம்., 12 பி.எம். என்பவை பகலா இரவா என்று தடுமாற வைப்பவை. அமெரிக்காவின் தர, அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், நள்ளிரவு என்று எழுதுவதைவிட 11.59 பி.எம். அல்லது 12.01 ஏ.எம். என்று எழுதச் சொல்கிறது. 15ஆம் தேதி நள்ளிரவு என்றால் 15 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்ற கேள்வி அதில் எழாது. இந்திய ரயில்வே 24 மணிக் கணக்கு வைத்திருப்பதால் பகல் இரவுக் குழப்பம் இல்லை, ஆனால் தேதிக் குழப்பம் உண்டு. 15ஆம் தேதி 00.20க்குப் புறப்படும் ரயிலுக்கு 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போனால் ரயில் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

ஒரு மாதமும் முப்பது நாளும்

பேச்சில் இரண்டும் ஒன்று. சட்டத்தில் வேறு. இந்திய மத்தியச் சட்டங்களில் மாதம் என்றால் காலண்டர் மாதம் என்று 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் சொல்கிறது. மூன்று மாதம் என்பது 90 நாள் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு நடுவர் தீர்ப்பு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ‘ஃப்ரம்’ என்று ஒரு தேதி கொடுத்தால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ‘டு’ என்று கொடுத்தால் கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாஸாகாமல் திரும்பிய காசோலையை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாமல் காசோலை திரும்பியது என்று வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த பிறகு 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். அதன் பிறகும் கட்டவில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஒரே விவகாரத்தில் இரண்டு கெடுக்கள் நாள் கணக்கில், ஒன்று மாதக் கணக்கில். மார்ச் 3ஆம் தேதி தகவல் கிடைத்தால் அந்த நாளை விட்டு 4ஆம் தேதியிலிருந்து எண்ணுங்கள்: முப்பதாவது நாள் ஏப்ரல் 2. ஏப்ரல் 3 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தவருக்கு வழக்கே இல்லாமல் போகலாம்.

இங்கிலாந்தில் 1981இல் பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கு இந்தக் கணக்குக்குப் பேர்போனது. டாட்ஸ் எதிர் வாக்கர் என்பது அதன் பெயர். வணிக இட வாடகைதாரருக்கு செப்டம்பர் 30ஆம் தேதி நோட்டீஸ் கிடைத்தது. நான்கு மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நோட்டீஸ் கிடைத்தது செப்டம்பரின் கடைசி நாள், ஆகவே ஜனவரியின் கடைசி நாள் வரை நேரம் இருக்கிறது என்பது அவர் தரப்பு வாதம். ஜனவரி 31 அன்று மனுப் போட்டார். 30க்கு இணையான தேதி 30தான், நான்கு மாதம் ஜனவரி 30 அன்றே முடிந்துவிட்டது என்றார்கள் நீதிபதிகள். ஒரே ஒரு நாள் தாமதம், மனு செல்லவில்லை.

கடைசி நாள் விடுமுறையானால்? மத்தியச் சட்டப்படி நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ செய்ய வேண்டிய வேலை என்றால், அடுத்து அலுவலகம் திறக்கும் நாளில் செய்யலாம் என்று பொதுவாகச் சலுகை உண்டு. இரண்டு தனியார் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்தச் சலுகை தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஆயுள் காப்பீட்டிலும் பாருங்கள்: பிரீமியம் மாதாமாதம் கட்டினால் கெடு தாண்டியபின் கிடைக்கும் சலுகைக் காலம் 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று கட்டினால் 30 நாள். மாதத் தவணைக்கு மாறியவர்கள் இந்த 15ஐ மறந்துவிடுகிறார்கள்.

நிதியாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் முதல் காலாண்டு ஏப்ரலில் தொடங்கும். அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபரில். அவர்களுடைய ‘ஃபிஸ்கல் 2025’ பிறந்தது 2024 அக்டோபர் 1 அன்று. ‘க்யூ ஒன்’ என்று மட்டும் எழுதிய கெடுவை ஏற்றுக்கொள்ளாதீர்கள், மாதத்தின் பெயரைக் கேளுங்கள்.

வட்டியில் ‘பெர் ஆனம்’ என்றால் ஆண்டுக்கு, ‘பெர் மன்த்’ என்றால் மாதத்துக்கு. நூற்றுக்கு ரெண்டு வட்டி என்று ஊரில் சொல்லும்போது அது மாதத்துக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்கு 24 சதவீதம். அதே ஆட்கள் கிரெடிட் கார்டு அட்டவணையில் 3.5 சதவீதம் என்று பார்த்தால் குறைவு என்று எண்ணிவிடுகிறார்கள். அதுவும் மாதத்துக்குத்தான். வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஆண்டுக்கு 51 சதவீதம்.

மருந்துச் சீட்டில்

மற்ற இடங்களில் போவது பணம். இங்கே அப்படியில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மருத்துவர்கள் எழுதும் சுருக்கெழுத்துகளில் பல லத்தீனிலிருந்து வந்தவை. ஓ.டி. என்றால் நம் ஊரில் நாளுக்கு ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மூன்று முறை, கியூ.ஐ.டி. நான்கு முறை, ஹெச்.எஸ். படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். அமெரிக்காவில் நாளுக்கு ஒருமுறை என்பதைக் கியூ.டி. என்றும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைக் கியூ.ஓ.டி. என்றும் எழுதும் வழக்கம் இருந்தது. கையெழுத்தில் ஒரு புள்ளி அசைந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அங்கே மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் இந்த இரண்டையும் எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சீட்டைக் கொண்டுவந்து இங்கே காட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஓ.டி. என்பது கண் மருத்துவத்தில் வலது கண்.

நம் ஊர்ச் சீட்டுகளில் வரும் 1-0-1 என்ற முறை எனக்கு மிகவும் பிடித்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எந்த மொழியும் தெரியாதவருக்கும் விளங்கும். ஆனால் அது ஒரு நாளுக்குள் நடப்பதை மட்டும்தான் சொல்லும். தினமா, வாரம் ஒருமுறையா என்பதை அந்த மூன்று எண்கள் சொல்லாது. அதேபோல நாளுக்கு மூன்று முறை என்பதும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதும் எப்போதும் ஒன்றல்ல. சில மருந்துகளுக்கு இடைவெளி முக்கியம், ராத்திரி எழுந்தும் சாப்பிட வேண்டியிருக்கலாம். எது உங்களுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வார மாத்திரைகளில்தான் உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டுவிட்டு ரத்த அணுக்கள் குறைந்து இறந்துபோனவர்கள் பல நாடுகளில் உண்டு. மற்ற மாத்திரைகளெல்லாம் தினசரி என்பதால் இதையும் அந்த டப்பாவிலேயே போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு. 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலமும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. தினமும் கரைத்துக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். ‘ட்வைஸ் வீக்லி’ என்றால் வாரத்துக்கு இரண்டு முறை. ‘எவ்ரி டூ வீக்ஸ்’ என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பைவீக்லி என்ற சொல் மருந்துச் சீட்டில் இருந்தால் மருந்துக்கடைக்காரர் சொல்லும் பொருளை வைத்து முடிவு செய்யாதீர்கள், எழுதிய மருத்துவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள்.

கேட்கும்போது வாரத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், எந்தக் கிழமை என்று கேளுங்கள். அந்தக் கிழமையை அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்றால் அவர் படிக்கக்கூடிய மொழியில், பெரிய எழுத்தில். வார மாத்திரையைத் தினசரி டப்பாவில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்த வார மருந்தின் எண்ணிக்கை நாலைந்து வேளைக்குமேல் இருந்தால், கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே ஏன் என்று கேட்டுவிடுங்கள்.